எந்தச் சூழ்நிலையிலும் செய்யவே கூடாத செயல் என்று ஒன்று உண்டா?

"எல்லாமே சூழ்நிலையைப் பொறுத்ததுதானே? எந்த நிலையிலும், யார் செய்தாலும் தவறு என்று அடித்துச் சொல்ல ஒரு செயலாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது என்பதுதான் என் பதில். பட்டியல் நீளமானது இல்லை. அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன்: பிடித்து வைக்கப்பட்ட ஒருவரைச் சித்திரவதை செய்வது. குற்ற வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞன் நான். இந்தக் கேள்வி என் மேஜைக்கு அடிக்கடி வருகிற கேள்வி.

முதலில் உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் "கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெரும்பாலானவை உண்மையிலேயே சூழ்நிலையைப் பொறுத்தவைதான். நண்பனைக் கொல்லத் தேடி வந்தவன் வாசலில் நின்று "உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் வாதிட்டார் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட். அது எனக்கு ஒருநாளும் ஒப்பியதில்லை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவர் சொன்னதுதான் மனிதர்கள் வாழக்கூடிய அறம். பசித்த பிள்ளைக்காக ரொட்டி திருடிய தாயை நாம் திருடி என்று ஒதுக்குவதில்லை. உயிரைப் பறிப்பதுகூட, கத்தியோடு பாய்கிறவனிடமிருந்து தப்ப வேறு வழியே இல்லாதபோது குற்றமாகாது என்று நம் தண்டனைச் சட்டமே சொல்கிறது. ஆக, பொய், திருட்டு, கொல்லுதல் மூன்றிலும் நீங்கள் சொல்வது சரி.

இதற்கு எதிராகச் சிலர் ஒரு குறுக்குவழியில் போவார்கள். "நியாயமே இல்லாத கொலை எப்போதும் தவறு", "தேவையில்லாத கொடுமை எப்போதும் தவறு" என்பார்கள். இது விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைப்பது. நியாயம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தவறு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. நமக்கு வேண்டியது வேறு. என்ன செய்கிறார்கள், யாருக்குச் செய்கிறார்கள் என்பதை மட்டும் வெறுமனே விவரிக்க வேண்டும். அதைக் கேட்டதும், என்ன காரணம் சொன்னாலும் சரி, கூடாது என்று சொல்ல முடிய வேண்டும்.

அப்படி ஒன்று நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பேச்சுரிமை தரும் 19-வது பிரிவைப் படித்தால், அடுத்த உட்பிரிவுகளிலேயே நியாயமான கட்டுப்பாடுகள் வரிசையாக வந்துவிடும். உயிர் வாழும் உரிமை தரும் 21-வது பிரிவுகூட, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் பறிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17-வது பிரிவில் "ஆனால்" இல்லை, "உட்பட்டு" இல்லை. எந்த வடிவிலும் கடைப்பிடிக்கக் கூடாது, மீறினால் குற்றம் என்பதோடு முடிகிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை அதை அப்படியே ஏற்றது. போர், பஞ்சம், கொள்ளை நோய் என்று எதை வேண்டுமானாலும் கற்பனை செய்து பாருங்கள். நோய்க் காலத்தில் ஒருவரைத் தள்ளி நிற்கச் சொல்லலாம். பிறப்பைக் காட்டித் தள்ளி நிற்கச் சொல்ல எந்தக் காலமும் வராது.

சித்திரவதையும் அந்த வகைதான். எதிர்க்கவோ ஓடவோ முடியாமல் உங்கள் முழுப் பிடியில் இருக்கும் ஒருவருக்கு, அவர் மனதை உடைத்து வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்றே கடும் வலியைக் கொடுப்பது. 1984 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. போர், போர் அபாயம், உள்நாட்டுக் குழப்பம், வேறு எந்த அவசரநிலை என்றாலும், அதைக் காட்டிச் சித்திரவதையை நியாயப்படுத்த முடியாது என்கிறது அதன் 2-வது பிரிவு. மேலதிகாரி உத்தரவிட்டார் என்பதும் நியாயம் ஆகாது.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஊருக்குள் குண்டு வைத்திருக்கிறார்கள், இன்னும் ஒரு மணி நேரத்தில் வெடிக்கும். வைத்தவன் உங்கள் கையில் இருக்கிறான், வாய் திறக்க மாட்டேன் என்கிறான். ஆயிரம் உயிரா, அவன் ஒருவன் உடம்பா? கேட்டதும் யாருக்கும் மனம் ஆடும். ஆனால் இந்தக் கதையில் எத்தனை விஷயங்கள் இனாமாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். குண்டு இருப்பது உறுதி. பிடிபட்டவன்தான் வைத்தான் என்பது உறுதி. அவனுக்கு இடம் தெரியும் என்பது உறுதி. அடித்தால் உண்மையைத்தான் சொல்வான், அதுவும் நேரத்துக்குள் சொல்வான் என்பது உறுதி. வேறு வழியே இல்லை என்பதும் உறுதி. இத்தனை உறுதிகளும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும் காவல் அதிகாரி இந்த உலகத்தில் இருந்ததில்லை.

அதற்கு மிக அருகில் வந்த ஒரு வழக்கு உண்டு. 2002 செப்டம்பர் இறுதியில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் ஒரு வங்கிக் குடும்பத்தின் 11 வயதுப் பையன் கடத்தப்பட்டான். பத்து லட்சம் யூரோ பணயத் தொகையை வாங்கிக்கொண்டவன் ஒரு சட்டக் கல்லூரி மாணவன். போலீஸ் அவனைப் பின்தொடர்ந்து பிடித்துவிட்டது. கடத்தியவன் இவன்தான் என்பதில் ஐயமே இல்லை. பையன் எங்கே என்று மட்டும் சொல்ல மறுத்தான், மாற்றி மாற்றிப் பேசினான். பையன் எங்கோ தண்ணீரும் சோறும் இல்லாமல் அடைபட்டுக் கிடக்கிறான் என்று போலீஸ் நினைத்தது. அக்டோபர் 1 அதிகாலை, நகரக் காவல்துறையின் துணைத் தலைவர் வொல்ஃப்காங் டாஷ்னர் ஒரு உத்தரவு போட்டார். சொல்லாவிட்டால் தாங்க முடியாத வலியைத் தருவோம் என்று மிரட்டுங்கள், அதற்கும் மசியாவிட்டால் மருத்துவர் மேற்பார்வையில் அதைச் செய்யுங்கள் என்று. மிரட்டலே போதுமானதாக இருந்தது. சில நிமிடங்களில் அவன் இடத்தைச் சொன்னான். அங்கே இருந்தது பையனின் உடல். கடத்தியவன் அன்றே அவனைக் கொன்றிருந்தான்.

டாஷ்னர் செய்த இன்னொரு காரியம்தான் இந்த வழக்கை மறக்கவிடாமல் செய்கிறது. தான் என்ன உத்தரவிட்டேன் என்பதைத் தானே கோப்பில் குறித்து வைத்தார். மறைக்கவில்லை. 2004 டிசம்பரில் ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றம் அவரையும், மிரட்டிய அதிகாரியையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. டாஷ்னருக்கு 10,800 யூரோ அபராதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அதாவது எச்சரிக்கையோடு விட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 2010 ஜூன் 1 அன்று, அந்த மிரட்டல் மனிதத்தன்மையற்ற நடத்துதல்தான், ஒரு குழந்தையின் உயிர் போகும் அவசரத்திலும் அதற்கு விதிவிலக்கு கிடையாது என்று உறுதிசெய்தது. கொலைகாரன் தப்பவில்லை. அவனுக்கு 2003-லேயே ஆயுள் தண்டனை கிடைத்துவிட்டது.

பையன் ஏற்கெனவே இறந்திருந்தான், ஆகவே மிரட்டியது வீண் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதாது. பையன் உயிரோடு இருந்து, மிரட்டியதால் காப்பாற்றப்பட்டிருந்தால்? அப்போதும் டாஷ்னர் செய்தது தவறுதான் என்பேன். அதே மூச்சில், அவருக்குத் தண்டனையைக் குறைத்த நீதிபதி செய்தது சரி என்றும் சொல்வேன். ஒருவர் ஏன் செய்தார் என்று புரிந்துகொள்வது, அவருக்காக மனம் இரங்குவது, மன்னிப்பது எல்லாம் ஒன்று. அவர் செய்தது சரி என்பது முற்றிலும் வேறு. "எந்தச் சூழ்நிலையிலும் தவறு" என்று சொல்வதற்கே தயங்குகிறவர்கள் பலர், அப்படிச் சொன்னால் ஈவிரக்கமில்லாமல் தண்டிக்க வேண்டியிருக்குமே என்று பயப்படுகிறார்கள். அந்த பயம் தேவையில்லை.

"அந்தப் பையனின் அப்பாவாக இருந்தால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு நம்மிடமே ஒரு நல்ல பதில் இருக்கிறது. "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை" என்கிறது குறள். பெற்ற தாய் பசித்துக் கிடப்பதைப் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே. இதைவிடக் கறாராகச் சொல்ல முடியாது. பொய்யில் அவ்வளவு தாராளமாக இருந்தவர் இங்கே ஏன் கதவை அடைக்கிறார்? உரையெழுதிய பரிமேலழகர் இதைக் கவனித்திருக்கிறார். வயதான தாய் தந்தையும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தீய செயல்களைச் செய்தாவது அவர்களைக் காப்பாற்று என்று அறநூல்களில் ஒரு பொதுவிதி இருக்கிறது, அந்த விதி அமைச்சர்களுக்குப் பொருந்தாது, அதனால்தான் வள்ளுவர் இப்படிச் சொன்னார் என்று விளக்குகிறார். இந்தக் குறள் இருப்பது அமைச்சியலில், வினைத்தூய்மை அதிகாரத்தில். தவிக்கிற தனிமனிதனுக்குக் கிடைக்கும் சலுகை, அதிகாரம் கையில் இருப்பவனுக்குக் கிடையாது. நான் இதுவரை படித்த எந்தச் சட்ட நூலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அந்த அப்பா கடத்தியவன் சட்டையைப் பிடித்து அறைந்தால் நான் அவருக்காகவே வாதாடுவேன். அதுவும் தவறுதான், ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரின் தவறு. சீருடை போட்டவர், பூட்டிய அறைக்குள், விலங்கு போட்ட ஒருவர் மீது அதையே செய்வதற்கு அந்த அப்பாவின் கண்ணீரைக் கடன் வாங்கக் கூடாது.

சரி, சித்திரவதையில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது? போரில் சுடுவதுகூட வலிதான், சாவுதான். நான் பார்க்கிற வித்தியாசம் இது. கத்தியோடு வருகிறவனை நான் தடுக்கும்போது, அவன் கத்தியைக் கீழே போட்டால் நான் நிறுத்திவிடுவேன். நிறுத்துவது அவன் கையில் இருக்கிறது. போரில் கைதூக்கிச் சரணடைந்தவரைச் சுடக் கூடாது. விசாரணை அறையில் இருப்பவர் ஏற்கெனவே சரணடைந்தவர். அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது என்றால், அடியை நிறுத்த அவரிடம் எந்த வழியும் இல்லை. "தெரியாது" என்ற உண்மை இன்னொரு அடியைத்தான் கொண்டுவரும். தெரிந்தவராகவே இருந்தாலும், அவருடைய உடம்பையே அவருக்கு எதிரியாக்கி, அவரே தன்னைக் காட்டிக்கொடுக்கும்படி செய்கிறார்கள். மனிதருக்கு மனிதர் சொல்லக்கூடிய எந்தக் காரணத்தையும் அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல முடியாது.

சித்திரவதையால் உண்மை வராது, அதனால் கூடாது என்பது பிரபலமான வாதம். அதற்கு வலுவான சாட்சியங்கள் உண்டு. அமெரிக்க உளவுத்துறை எகிப்துக்கு அனுப்பிவைத்த இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதி, அங்கே கொடுமை தாங்காமல், இராக் அல்-காய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி தந்தது என்று சொன்னார். 2003 பிப்ரவரியில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் போருக்கு ஆதரவாகப் பேசியபோது அதுவும் ஒரு ஆதாரமாக வைக்கப்பட்டது. பிறகு அந்தக் கைதி அதைத் திரும்பப் பெற்றார். ஒருவர் வலியில் சொன்ன பொய்க்கு ஒரு நாடே விலை கொடுத்தது. இவ்வளவு இருந்தும் இந்த வாதத்தின் மீது மட்டும் சாய எனக்கு மனமில்லை. நாளைக்கே உண்மையை மட்டும் வரவழைக்கும் ஒரு முறை வந்துவிட்டால் என்ன செய்வோம்? நம் உச்ச நீதிமன்றத்துக்குக் கிட்டத்தட்ட இந்தக் கேள்வியே வந்தது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கு. ஊசி போட்டு அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றை ஒருவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010 மே மாதம் தீர்ப்பு வந்தது. அடி இல்லை, காயம் இல்லை. ஆனாலும் ஒருவர் மனதுக்குள் அவர் விருப்பத்தை மீறி நுழைவது கூடாது என்றது நீதிமன்றம். தவறு வலியில் மட்டும் இல்லை என்பது இந்தத் தீர்ப்பைப் படித்தால் புரியும்.

ஒரே ஒரு சின்ன விதிவிலக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இஸ்ரேலின் அனுபவத்தைக் காட்டுவேன். 1987-ல் அங்கே லண்டாவ் ஆணையம், பயங்கரவாத விசாரணையில் "மிதமான உடல் அழுத்தம்" தரலாம் என்றது. நோக்கம் அரிதான அவசரங்கள்தான். நடந்தது, தூங்கவிடாமல் வைப்பது, உடம்பை முறுக்கி உட்காரவைப்பது, உலுக்குவது எல்லாம் விசாரணையின் வாடிக்கையாக ஆனது. 1999-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அந்த முறைகளைச் சட்டவிரோதம் என்று சொல்ல வேண்டியிருந்தது. தவிர்க்க முடியாத அவசியம் என்று ஒரு அதிகாரி பிறகு நீதிமன்றத்தில் வாதிட ஒரு சிறு வழியை அந்தத் தீர்ப்பு திறந்துவைத்தது. அந்த வழியும் திறந்தே கிடக்கிறது என்பது என் வருத்தம்.

நம் ஊருக்கு இது புதிது இல்லை. 1855-ல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க அமைத்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. விவசாயிகளிடம் நிலவரி பாக்கியை வசூலிக்க, விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி போட்டிருக்கிறார்கள். தலையைக் காலோடு சேர்த்து வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணில் மிளகாய்ப் பொடி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று ஆணையம் முடித்துக்கொண்டது. அந்த வரிப் பணம் யாருக்குப் போனது என்பதைப் பார்த்தால் அதை நம்புவது கஷ்டம். அப்போதும் காரணம் இருந்தது: பாக்கி, கெடு, மேலிடத்து நெருக்கடி. ஐந்து வருடம் கழித்து 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 330-வது பிரிவு, வாக்குமூலம் வாங்கவோ பாக்கி வசூலிக்கவோ காயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. அதன் உதாரணங்களில் முதலில் வருபவர் போலீஸ் அதிகாரி, பிறகு வருபவர் வருவாய்த்துறை அதிகாரி. இன்று அதே பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 120 என்ற எண்ணில் இருக்கிறது.

இப்போது குண்டுக் கதையிலிருந்து நம் காவல் நிலையங்களுக்கு வாருங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதற்குச் சொன்ன காரணம், ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது. இருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் இறந்தது, காணாமல் போன நகை பற்றிய விசாரணையில். ஆயிரம் உயிர் என்று தொடங்கிய வாதம் வந்து நிற்கும் இடம் கடைக் கதவும் தங்க நகையும்தான்.

ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது பார்த்திருக்கிறேன். கையில் மாவுக்கட்டு. கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்றோ, தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார் என்றோ பதில் வரும். "போலீஸ் அடித்தார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். அந்த ஆள் மாஜிஸ்திரேட்டைப் பார்க்க மாட்டார். முதலில் பின்னால் நிற்கும் ஏட்டைத் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் "இல்லைங்கய்யா" என்பார். காவலர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள் என்று நாங்கள் மனுப் போடுவது இதனால்தான். சில மாஜிஸ்திரேட்டுகள் நாங்கள் சொல்லாமலேயே அப்படிச் செய்வார்கள். அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மாவுக்கட்டுப் படத்தைப் பகிர்ந்து "இதுதான் சரியான பாடம்" என்று எழுதும் நல்ல மனிதர்களையும் எனக்குத் தெரியும். ரவுடிக்குத்தானே என்பார்கள். சாத்தான்குளத்தில் நடந்தபோது அவர்களே பதறினார்கள். இரண்டும் ஒரே அறையில், ஒரே கைகளால் நடப்பவை.

உங்கள் கேள்வியில் இன்னொரு இழை இருக்கிறது: தவறு என்பது காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறுமே என்பது. மாறுகிறது, உண்மைதான். உடன்கட்டை ஏற்றுவதை 1829 வரை பலர் சரி என்றார்கள். ஆனால் யாரைக் கேட்டுச் சரி என்றார்கள்? தீக்குள் தள்ளப்பட்ட பெண்ணின் வாக்கு அந்தக் கணக்கில் இல்லை. கிட்டி போடப்பட்ட விவசாயி எந்த நூற்றாண்டிலும் அதை நியாயம் என்று ஏற்கவில்லை. செய்கிறவர்களின் கருத்துதான் மாறிவந்திருக்கிறது.

இலங்கையின் அரசியலமைப்பில் சித்திரவதைத் தடை 11-வது பிரிவாக இருக்கிறது. மற்ற உரிமைகளைக் கட்டுப்படுத்த இடம்தரும் ஏற்பாடுகள் எதுவும் அதைத் தொடவில்லை. ஆனால் 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிக் கண்காணிப்பாளர் அல்லது அதற்கு மேல் நிலையிலுள்ள காவல் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கச் செய்தது. முன்கதவைப் பூட்டிவிட்டு, அடித்து வாங்குவதற்கு ஒரு பரிசைப் பின்கதவில் வைத்ததுபோல் ஆயிற்று. எத்தனை தமிழ் இளைஞர்கள் தங்களுக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அங்குள்ள வழக்கறிஞர்களுக்குத் தெரியும்.

இந்தியா ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்திட்டது. அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. 2010-ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குப் போய், கடைசியில் காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் புதிய வரைவு ஒன்றைக் கொடுத்தது. அதுவும் சட்டமாகவில்லை. அந்த வரைவைக் கையில் எடுக்கும்போது, அவசரம், தேசப் பாதுகாப்பு என்று ஒரு வரிகூட விதிவிலக்காகச் சேர்க்காமல் நிறைவேற்ற வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.யைச் சந்திக்க வாய்ப்பு கிடைத்தால் இந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.